இரண்டு குச்சிக்கு நடுவே போன பந்து: ஜான் ஸ்மால் பற்றி ஓர் இழை

பழையமட்டை எழுதியது:

ஸ்டம்ப் ஏன் மூன்று என்று போன வாரம் வேறோர் இழையில் ஒரு தம்பி கேட்டிருந்தார். நாலைந்து பேர் பதில் போட்டார்கள். எல்லாருமே பந்துவீச்சாளர் லம்பி ஸ்டீவன்ஸின் கதையைச் சொன்னார்கள். எதிரே மட்டையோடு நின்றவர் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை. அதனால் அந்த மனிதருக்கென்றே இந்த இழை.

அவர் பெயர் ஜான் ஸ்மால். 1737 ஏப்ரல் 19 அன்று இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் எம்ப்ஷாட் என்ற சிற்றூரில் பிறந்தார். வாழ்ந்ததெல்லாம் பக்கத்திலிருக்கும் பீட்டர்ஸ்பீல்ட் ஊரில். தொழில் செருப்புத் தைப்பது. பிறகு அதே கையால் பந்தும் மட்டையும் செய்யத் தொடங்கினார். ஆடியது ஹாம்பிள்டன் கழகத்துக்கு. லண்டனில் லார்ட்ஸ் மைதானமும் எம்சிசி என்ற மேரிலபோன் கிரிக்கெட் கழகமும் வருவதற்கு முன்னால் கிரிக்கெட்டின் தலைநகரம் ஒரு கிராமம்தான். அந்தக் கிராமம் ஹாம்பிள்டன். அவர்கள் ஆடிய திடல் பிராட்ஹாஃபென்னி டவுன் என்ற மேட்டுப் புல்வெளி.

இப்போது அந்த நாளுக்கு வருவோம். 1775 மே 22, லண்டன் ஆர்ட்டிலரி மைதானம். பக்கத்துக்கு ஐந்து பேர், ஒரு நேரத்தில் ஒருவரே மட்டை பிடிக்கும் ஒற்றை விக்கெட் ஆட்டம். ஹாம்பிள்டன் ஐவருக்கு எதிராக கென்ட் ஐவர். கென்ட் பக்கம் பந்து வீச வந்தவர் லம்பி. ஹாம்பிள்டனின் கடைசி ஆளாக ஸ்மால் இறங்கும்போது ஜெயிக்க இன்னும் 14 ரன் வேண்டும்.

அன்றைய விக்கெட்டைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். இரண்டே குச்சி. உயரம் 22 அங்குலம். தலைக்கு மேல் குறுக்காக 6 அங்குல நீளத்தில் ஒரே ஒரு சிறு கட்டை, அதுதான் பெயில். பந்தின் குறுக்களவோ 3 அங்குலத்துக்கும் குறைவு. கம்பி இல்லாத ஜன்னல் மாதிரி நடுவில் திறந்து கிடக்கும். லம்பி போட்ட பந்து மூன்று முறை ஸ்மாலின் மட்டையைத் தாண்டி நேராக அந்த ஜன்னலுக்குள் நுழைந்து பின்னால் போனது. குச்சியில் படவில்லை, பெயில் விழவில்லை, ஆகவே அவுட் இல்லை. ஸ்மால் 14 ரன்னையும் எடுத்து ஜெயிக்க வைத்தார்.

இவ்வளவு நேராகப் போட்டவனுக்கு இது அநியாயம் என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியது. அப்படித்தான் நடுக்குச்சி வந்தது. லம்பியின் நேர்த்தியை எல்லாரும் பேசுகிறோம், பேசவேண்டியதுதான். ஆனால் அன்று ஸ்மால் நாலாவது பந்தில் அவுட் ஆகிவிட்டிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். அவர் நின்று ஜெயித்ததால்தான் சட்டமே மாறியது.

---

லெக்பிரேக்காரன் எழுதியது:

அண்ணா, இழை அருமை. ஆனா ஒரு பந்துவீச்சாளனா எனக்கு வயிறு எரியுது. மூணு தடவை போல்டு ஆனவரை எப்படி வீரர்னு சொல்றது? அது சுத்தமான அதிர்ஷ்டம். இன்னைக்கு விதிப்படி முதல் பந்துலயே பெவிலியனுக்குப் போயிருப்பார்.

லம்பி யாருன்னும் கொஞ்சம் சொல்லணும். டாங்கர்வில் பிரபுவோட வால்டன்-ஆன்-தேம்ஸ் மாளிகையில தோட்டக்காரர். புல்தரையில ஒரு இறகை வெச்சு, நாலு பந்துல ஒண்ணாவது அதுமேல விழும்னு பிரபு 100 பவுண்டு பந்தயம் கட்டினார். லம்பி அடிச்சுக் காட்டினார். அந்தக் கையிலிருந்து வந்த பந்து அது. குச்சிக்கு நடுவுல இருந்த ஓட்டை வழியா போனதுக்கு யார் என்ன பண்ண முடியும்?

---

பழையமட்டை எழுதியது:

@லெக்பிரேக்காரன் தம்பி, உங்கள் வருத்தம் நியாயம். அந்த மூன்று பந்திலும் ஸ்மால் தோற்றார், மறுக்கவே இல்லை. ஆனால் மற்ற பந்துகளை நினைத்துப் பாருங்கள். ஒற்றை விக்கெட் ஆட்டத்தில் ஒரு ரன் எடுக்க, பந்து வீசும் முனை வரை ஓடித் தொட்டுவிட்டுத் திரும்பவும் மட்டை முனைக்கு வரவேண்டும். போய்வர 44 கஜம். அப்படி 14 முறை. கூட ஓட மறுமுனையில் ஆள் கிடையாது, தனக்குப் பின்னால் மட்டை பிடிக்க வேறு ஆளும் இல்லை. வீசுவது இறகை அடிக்கிறவர். அதிர்ஷ்டம் ஒரு மனிதனை மூன்று பந்துக்குக் காப்பாற்றலாம். 14 ரன்னை அவன்தான் ஓடி எடுக்கவேண்டும்.

---

ஆதாரம்_எங்கே எழுதியது:

ஒரு கேள்வியை இப்போதே கேட்டுவிடுவது நல்லது. இந்த மூன்று பந்து விவரம் எங்கிருந்து வருகிறது? ஜான் நைரன் தன் நினைவுகளைச் சொல்லி, சார்ல்ஸ் கௌடன் கிளார்க் தொகுத்து 1833-இல் வெளியான எழுத்திலிருந்து. நைரன் பிறந்தது 1764 டிசம்பர். அதாவது ஆட்டம் நடந்தபோது அவருக்குப் பத்து வயது. அச்சில் வந்தது 58 ஆண்டு கழித்து. ஆட்டம் நடந்தது, தேதி, இடம் எல்லாம் சரி. ஆனால் "மூன்று" என்ற எண்ணை நான் ஆணியடித்தது போல் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. அன்று மாலையே நடுக்குச்சி நட்டுவிட்டார்கள் என்பதுபோல் பல இடங்களில் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொரு இடமாகப் பரவியது. பெயில் இரண்டானது இன்னும் பிற்பாடு.

---

மேற்குமாடம் எழுதியது:

ஆதாரம் சார் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நைரனை அந்நியர் போல் எடைபோட வேண்டாம். அவர் அப்பா ரிச்சர்ட் நைரன் ஹாம்பிள்டன் அணியின் தலைவர், பிராட்ஹாஃபென்னி டவுனுக்கு எதிரிலேயே விடுதி நடத்தியவர். ஆட்டம் முடிந்து எல்லாரும் வந்து உட்கார்ந்து பேசும் வீட்டில் வளர்ந்த பையன் அவர். எண்ணில் ஒன்று கூடலாம், குறையலாம். ஆட்களைப் பற்றி அவர் சொல்வதை நான் நம்புவேன்.

நடுக்குச்சி பற்றி அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூன்றாவது குச்சி வந்தால் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று அன்று பெரிய மனிதர்கள் பயந்தார்கள். நைரன் எழுத்து அதை மறுக்கிறது: பின்னால் மூன்று குச்சி இருக்கிறது என்று தெரிந்தால் மட்டையாளன் இன்னும் கவனமாக ஆடுவான், கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசுகிறவன்கூடத் தடுத்தாடக் கற்றுக்கொள்வான் என்கிறது. 1777 ஜூனில் செவனோக்ஸில் என்ன நடந்தது பாருங்கள். மூன்று குச்சி. ஹாம்பிள்டனின் ஜேம்ஸ் ஐல்வர்ட் புதன் மாலை மட்டை பிடித்து வெள்ளி பிற்பகல் வரை நின்று 167 எடுத்தார். ஹாம்பிள்டன் மொத்தம் 403. இங்கிலாந்து 166, 69. ஒரு இன்னிங்ஸ், 168 ரன் வித்தியாசத்தில் தோல்வி. ஒரு கிராமத்தின் கழகம் நாட்டையே எதிர்த்து ஆடி இப்படி ஜெயித்தது!

---

தோல்பந்து எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி. இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அப்பா பேருந்து நிலையத்துக்கு வெளியே செருப்புத் தைக்கும் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு கோணிச் சாக்கு, ஒரு குடை, ஒரு இரும்புக் கால். பள்ளிக்கூடப் பையன்கள் தையல் விட்ட கிரிக்கெட் பந்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அப்பா கிரிக்கெட் ஆடியதே இல்லை. ஆனால் பந்தை வாங்கியதும் செருப்பை ஓரமாக வைத்துவிடுவார். இரண்டு முட்டிக்கும் நடுவே பந்தை இடுக்கிக்கொள்வார். நூலை மெழுகுக் கட்டியில் நாலு இழுப்பு இழுப்பார், கறுத்துப் போய் விறைப்பாகிவிடும். குத்தூசியால் பழைய துளையிலேயே குத்தி, அந்த ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒரு ஊசி, அந்தப் பக்கமிருந்து ஒரு ஊசி. இரண்டு கையையும் சிறகு மாதிரி விரித்து ஒரே நேரத்தில் இழுப்பார். தோலின் இரண்டு ஓரமும் நெரிந்து மேலே எழும்பும். அந்த எழும்பல்தான் நீங்கள் எல்லாரும் சொல்லும் 'சீம்'.

ஸ்மால் செருப்புத் தொழிலிலிருந்து பந்துத் தொழிலுக்குப் போனார் என்று படித்தபோது எனக்கு அது தொழில் மாற்றமாகவே படவில்லை. அதே தோல், அதே மெழுகு, அதே குத்தூசி. உள்ளே காலுக்குப் பதில் தக்கையும் நூலும்.

அவர் இறந்தபோது எழுதப்பட்ட இரங்கற்பா ஒன்றில், மட்டையையும் பந்தையும் விட்டுப் போனார் என்பதோடு நில்லாமல் தோலையும் மெழுகையும் விட்டுப் போனார் என்று வருகிறது. எழுதியவர் யாராக இருந்தாலும் அந்த மெழுகைச் சேர்த்ததற்காக அவருக்கு ஒரு கும்பிடு.

---

லெக்பிரேக்காரன் எழுதியது:

@தோல்பந்து அண்ணா, உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். சீமைப் பிடிச்சுத்தான் இத்தனை வருஷம் பந்து போட்டிருக்கேன், அது எப்படி எழும்புதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

---

பழையமட்டை எழுதியது:

தோல்பந்து ஐயா, இந்த இழையைத் தொடங்கியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.

பந்திலிருந்து மட்டைக்கு வருகிறேன், ஏனென்றால் ஸ்மாலின் பெரிய காரியம் அங்கேதான் என்பது என் எண்ணம். லண்டன் ஓவல் மைதானத்தில் 1729-ஆம் ஆண்டு பொறித்த ஒரு மட்டையை வைத்திருக்கிறார்கள். படத்தைத் தேடிப் பாருங்கள். ஹாக்கி மட்டை போல அடி வளைந்திருக்கும். அந்தக் காலத்தில் பந்தைத் தரையோடு உருட்டினார்கள். உருண்டு வருவதை வாரி அடிக்க வளைவுதான் வசதி. 1760-களை ஒட்டிப் பந்துவீச்சாளர்கள் உருட்டுவதை விட்டுவிட்டு, கை கீழாகவே இருந்தாலும், பந்தை முன்னால் குத்தி எழும்ப வைக்கத் தொடங்கினார்கள். பந்து எவ்வளவு தூரத்தில் குத்துகிறது என்பதைச் சொல்லும் லென்த் என்ற சொல்லுக்கே அப்போதுதான் வேலை வந்தது. எழும்பி வரும் பந்தை வளைந்த மட்டையால் எப்படித் தடுப்பது? நேராக நிற்கும் மட்டை வேண்டும்.

நேர் மட்டையை முதலில் கையிலெடுத்தவர்களில் முக்கியமானவராக ஸ்மாலைச் சொல்கிறார்கள். இது ஏன் அவருக்கு வாய்த்தது? பகலில் திடலில் அந்தப் பந்தில் தடுமாறியவரும் அவரே, வீட்டுக்குப் போய்ப் பட்டறையில் மரத்தைச் செதுக்கியவரும் அவரே. மற்றவர்களுக்குத் தச்சனிடம் போய்ச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. இவருக்குத் தன் கையிடம் சொன்னால் போதும்.

அவர் கடை வாசலில் பலகை ஒன்று தொங்கியது. இங்கே ஜான் ஸ்மால் இருக்கிறான், மட்டையும் பந்தும் செய்வான், குச்சி நட்டால் இங்கிலாந்தில் யாரோடும் ஆடுவான் என்ற பொருளில் எதுகையோடு எழுதிய பாட்டு. செய்பவனே ஆடிக்காட்டி விற்கும் கடை!

---

ஆதாரம்_எங்கே எழுதியது:

இங்கே ஒரு உறுதியான ஆவணம் உண்டு, அதனால் நானே சேர்க்கிறேன். 1771 செப்டம்பர். செர்ட்ஸி என்ற ஊரின் அணிக்கு எதிராக ஹாம்பிள்டன், லேலெம் பர்வே திடல். செர்ட்ஸி பக்கம் ஒயிட் என்ற ஆட்டக்காரர் விக்கெட்டையே மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையோடு வந்தார். அன்று அகலத்துக்கு விதி ஏதும் கிடையாது, ஆகவே அவரைத் தடுக்க வழி இல்லை. ஹாம்பிள்டன் ஒரே ரன்னில் ஜெயித்தது. ஆனாலும் விடவில்லை. மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று செப்டம்பர் 25 தேதியிட்டு எழுதி மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள்: ரிச்சர்ட் நைரன், தாமஸ் பிரெட், ஜான் ஸ்மால். 1774-இல் லண்டன் பால்மாலில் கூடிச் சட்டத்தைத் திருத்தியபோது அது விதியாகவே ஆனது.

பிரெட் வேகமாக வீசுபவர், அவர் கையெழுத்துப் போட்டதில் ஆச்சரியமில்லை. ஸ்மால் மட்டையாளர், மட்டை செய்து விற்பவரும்கூட. அகலம் கூடினால் அவருக்குத்தான் லாபம். அவர் போட்ட கையெழுத்துக்கு எடை அதிகம். அந்த நாலேகால் அங்குலம் இன்றுவரை மாறவில்லை.

---

மேற்குமாடம் எழுதியது:

லெக்பிரேக் தம்பிக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். 1771-இல் பந்துவீச்சாளனுக்காகக் கையெழுத்துப் போட்ட அதே ஆள்தான் 1775-இல் அந்த ஓட்டையில் தப்பியவர்.

---

லெக்பிரேக்காரன் எழுதியது:

சரி, இறங்கி வர்றேன். வயிறு எரிஞ்சதுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா லம்பி பக்கம்தான் இன்னும் என் மனசு. 1819-ல 84 வயசுல இறந்தார். டாங்கர்வில் பிரபு அந்தத் தோட்டக்காரருக்கு வால்டன்ல கல்லறைக் கல் வெச்சார். டார்செட் பிரபுவோட நோல் மாளிகையில லம்பி ஓவியம் தொங்குது, பிரபுக்கள் படங்களுக்கு நடுவுல. அதுவும் ஒரு மரியாதைதானே.

ஸ்மாலோட ரன் கணக்கு யாராவது போடுங்களேன். முதல் சதம் அவருதுன்னு எங்கேயோ படிச்சேன்.

---

ஆதாரம்_எங்கே எழுதியது:

பாதி சரி. பதிவாகி நமக்குக் கிடைக்கும் முதல் சதம் ஜான் மின்ஷலுடையது: 1769-இல் டார்செட் பிரபுவின் அணிக்காக ராதம் அணிக்கு எதிராக 107. ஆனால் அது உள்ளூர் அளவிலான ஆட்டம். பெரிய ஆட்டங்களில் தெரியவரும் முதல் சதம் ஸ்மாலுடையது: 1775 ஜூலையில் பிராட்ஹாஃபென்னி டவுனில் சர்ரேக்கு எதிராக 136. தேதியைக் கவனியுங்கள். ஆர்ட்டிலரி மைதானத்தில் அந்த 14 ரன் எடுத்து இரண்டே மாதம்.

---

பழையமட்டை எழுதியது:

இதில் எனக்கு எப்போதும் உறுத்தும் ஒன்று இருக்கிறது. அன்று ரன் கணக்கை ஒரு குச்சியில் கத்தியால் வெட்டி வெட்டிக் குறித்தார்கள். ரன்னுக்கே 'வெட்டு' என்றுதான் பெயர். யார் எத்தனை என்று பெயர் பெயராக எழுதிய அட்டைகள் தொடர்ச்சியாகக் கிடைப்பது 1772 முதல்தான். அந்த ஆண்டு ஜூனில் பிராட்ஹாஃபென்னி டவுனில் இங்கிலாந்து அணிக்கு எதிராக ஹாம்ப்ஷயர் 146 எடுத்தது. அதில் ஸ்மால் மட்டும் 78. ஆட்டத்தை 53 ரன்னில் ஜெயித்தார்கள்.

அப்போது அவருக்கு வயது 35! இன்றைக்கு மட்டையாளர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில்தான் அவருடைய கணக்கே தொடங்குகிறது. இருபதிலும் முப்பதிலும் அவர் அடித்ததெல்லாம் யாரோ வெட்டிய குச்சிகளோடு அடுப்பில் போயிருக்கும். நமக்குக் கிடைத்திருப்பது அவர் ஆட்டத்தின் பின்பாதி. அந்தப் பின்பாதியே 136 வைத்திருக்கிறது. அறுபதைத் தாண்டி 1798 வரை பெரிய ஆட்டங்களில் ஆடினார்.

புள்ளிவிவரப் பட்டியல் போட்டு அவரைப் பிற்காலத்தவர்களோடு ஒப்பிடுவது எனக்குச் சம்மதமில்லை. மேடுபள்ளமான தரை, கையுறை இல்லை, காலுக்குக் காப்பு இல்லை. வந்த அணியின் பந்துவீச்சாளரே ஆடுதரை எங்கே என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். லம்பி எப்போதும் தன் பந்து விழும் இடத்தில் ஒரு மேடு இருக்கும்படி பார்த்துக்கொள்வாராம். அந்தத் தரையில் எடுத்த 30 ரன்னை எதோடு ஒப்பிடுவது?

---

வயலின்வாசகி எழுதியது:

கிரிக்கெட் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. தேடலில் 'வயலின்' என்று வந்ததால் இங்கே நுழைந்தேன். ஸ்மால் வயலின் வாசித்தாரா?

---

மேற்குமாடம் எழுதியது:

ஆமாம் அம்மா, வாசித்தார். தேவாலயப் பாடகர் குழுவிலும் இருந்தார். அவர் இசைத் திறமையைக் கேள்விப்பட்ட டார்செட் பிரபு ஒரு நல்ல வயலினை அனுப்பி, வண்டிக் கூலியையும் தானே கட்டினார். ஸ்மால் என்ன செய்தார் தெரியுமா? தான் செய்த இரண்டு மட்டைகளையும் பந்துகளையும் பிரபுவுக்கு அனுப்பினார். வண்டிக் கூலியும் அவரே கட்டினார். நைரன் சொன்ன கதைகளில் என் மனசுக்கு மிக நெருங்கியது இதுதான். செருப்புத் தைத்தவர், பின்னாளில் பிரான்ஸ் நாட்டுக்கே தூதராகப் போன பிரபுவுக்கு, வாங்கின கையை நீட்டியபடி நிற்காமல் சரிக்குச் சரி செய்முறை செய்தார்.

இன்னொரு கதையும் உண்டு. இசைக்கச்சேரி ஒன்றுக்காக வயல் வழியே கூட்டமாகப் போகும்போது ஒரு முரட்டுக் காளை பாய்ந்து வந்ததாம். ஸ்மால் ஓடவில்லை. கையிலிருந்த நரம்புக் கருவியை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். காளை நின்று கேட்டதாம். (ஆதாரம் சார், இதற்குச் சான்று கேட்காதீர்கள்!)

---

ஆதாரம்_எங்கே எழுதியது:

கேட்கவில்லை. லம்பியின் பந்துக்கு முன் நின்றவர் காளைக்கு முன்னும் நின்றிருப்பார்.

---

வயலின்வாசகி எழுதியது:

வண்டிக் கூலியைத் திருப்பிக் கட்டினார் பாருங்கள், அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. வில்லைப் பிடிக்கும் வலது மணிக்கட்டு விறைத்தால் நாதம் செத்துவிடும் என்று என் ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருப்பார். குத்தூசியும் மட்டையும் பிடித்த கையில் அந்த இளக்கம் இருந்தது என்றால், பெரிய கைதான் அது.

---

பழையமட்டை எழுதியது:

ஸ்மாலின் பின்னாட்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். 1787-இல் லண்டனில் எம்சிசி வந்தது. ஹாம்பிள்டனுக்குப் பணம் கொடுத்த பிரபுக்கள் அங்கே போனார்கள், ஆட்டமும் அவர்கள் பின்னால் போனது. 1790-களின் நடுவில் ஹாம்பிள்டன் கழகம் கலைந்தது. ஸ்மால் பீட்டர்ஸ்பீல்டை விட்டுப் போகவில்லை. அதே ஊர், அதே தொழில். அவர் மகன் ஜானும் ஹாம்பிள்டனுக்கு ஆடிப் பெயரெடுத்தார். அப்பா 1826 டிசம்பர் 31 அன்று, 89 வயதில் இறந்தார். வளைந்த மட்டையும் இரண்டு குச்சியுமாக ஆடத் தொடங்கியவர், தோளளவு கையை உயர்த்தி வீசலாமா கூடாதா என்று இங்கிலாந்து அடித்துக்கொண்ட காலம்வரை இருந்தார்.

---

தோல்பந்து எழுதியது:

நேற்று ராத்திரி இந்த இழை முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கடையை விட்டு ஆறு வருடமாகிறது, கண் மங்கிவிட்டது. வண்டிக் கூலி கட்டிய இடத்தில் "அது சரி" என்றார். காளைக்குச் சிரித்தார். மூன்று முறை பந்து நடுவில் போனதைத் திரும்பப் படிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை. விரலை மட்டும் முட்டியின் மேல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தக் குச்சிக்கு நடுவால போன பந்து, அவர் தெச்சதாடா?"